படிக்கட்டுக்குக் கீழே இருந்த சர்வர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் யூனிட்டின் கணக்கும் டிராயிங்குகளும் அழிந்துபோனதற்குக் காரணம் நான். அப்போது எங்களிடம் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த பெண் அல்ல. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கஸ்டமர்களிடமும் ஆடிட்டரிடமும், பிறகு அவரை வேலைக்கு எடுக்க நினைத்த ஒரு கம்பெனியிடமும் நான் வேறு மாதிரிச் சொன்னேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன சிஎன்சி மெஷினிங் யூனிட். வண்டி கம்பெனிகளுக்குப் பாகங்கள் சப்ளை செய்கிறவர்களுக்கு நாங்கள் சப்ளை செய்கிறோம். பேட்டையில் பாதிப்பேர் பிழைப்பு இதுதான். இப்படிப்பட்ட யூனிட்டின் சொத்து மெஷின்தான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மெஷினை பேங்க் லோனில் யாரும் வாங்கிவிடலாம். கஸ்டமர் கொடுத்த டிராயிங், அதன் கடைசி ரிவிஷன், ஒவ்வொரு பாகத்துக்கும் உட்கார்ந்து எழுதிய புரோகிராம், எந்த டூல் எந்த வேகத்தில் ஓடினால் அளவு நிற்கும் என்ற குறிப்பு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், விலை போட்ட கணக்கு, வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கின் சலான் என்று பல வருஷ உழைப்பு ஃபைல்களாகத்தான் இருக்கும். எங்களுடையது அத்தனையும் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரே சர்வரில் இருந்தது.

2022ல் அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டார். "சார், டேலியையும் டிராயிங் ஃபோல்டரையும் கிளவுடுக்கு மாத்திடலாம் சார். மாசாமாசம் கட்டினா போதும். மழைக்காலத்துல இங்க வெச்சிருக்கிறது பயமா இருக்கு." வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. யார் யாருக்கு லாகின் வேண்டும், மாதம் என்ன செலவாகும் என்று விவரமாக ஒரு மெயிலும் அனுப்பினார்.

நான் மூன்று காரணம் சொன்னேன். செலவு, நெட் போனால் வேலை நின்றுவிடும், நம் கணக்கை அடுத்தவன் கம்ப்யூட்டரில் வைப்பது ஆபத்து. மூன்றும் உண்மைக் காரணம் இல்லை.

என் தம்பி இதில் பார்ட்னர். மாதம் முடிந்ததும் நான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் தாளில்தான் அவன் லாப நட்டம் பார்ப்பான். சர்வரின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருந்தது. கிளவுடுக்குப் போனால் அவன் திருமுல்லைவாயில் வீட்டில் இருந்தபடியே, நினைத்த நேரத்தில் போனில் பார்த்துவிடுவான். சூப்பர்வைசர் ஸ்டாக்கைப் பார்ப்பார். ஆடிட்டர் என்னைக் கேட்காமலே லெட்ஜரைத் திறப்பார். மறைக்க வேண்டிய கள்ளக்கணக்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தேன்.

அந்தப் பாதுகாப்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்கிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். எங்கள் சர்வரிலும் அது போடப்படவில்லை. நாங்கள் தப்பியது தற்செயல். பெரிய கிளவுட் கம்பெனிகளில் இந்த வேலைக்கென்றே ராப்பகலாக ஆட்கள் இருக்கிறார்கள். என் சர்வரைப் பார்த்துக்கொள்ள, ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பையனைத் தவிர யாரும் இல்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைத்தான் ஊரெல்லாம் பேசியது. அந்தத் தண்ணீர் போனது அடையாற்றில். எங்கள் பக்கம் வந்தது வேறு தண்ணீர், ஏரி உபரியும் வடிய வழியில்லாத மழையும். அந்த வருஷம் அது எங்கள் வாசற்படியோடு நின்றது. அதே வருஷம் செப்டம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் மையங்களைப் புனே, மும்பை, சென்னை என்று இந்தியாவிலேயே திறந்திருந்தது. அடுத்த ஜூனில் அமேசான் மும்பையில் தொடங்கியது. 'வெளிநாட்டில் எங்கேயோ கிடக்கும்' என்று சொல்லக்கூட அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை. வெள்ளம் வடிந்ததும் நான் செய்த ஒரே காரியம், சர்வரைத் தரையிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூல் மேல் வைத்ததுதான்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. பேட்டைக்குள் தெருவும் யூனிட்டும் ஒன்றாகத் தண்ணீரில் நின்றன. வடிந்து நாங்கள் உள்ளே போனபோது, சுவரில் முழங்காலுக்கு மேல் எண்ணெய்க் கறையோடு ஒரு கோடு இருந்தது. ஸ்டூல் கவிழ்ந்து, சர்வர் பக்கவாட்டில் சேற்றில் கிடந்தது. அதன் யுஎஸ்பி வயரின் மறுமுனையில் கறுப்பாக ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க். அதுதான் எங்கள் பேக்கப். 'பேக்கப் எடுத்தாச்சா?' என்று நான் தினமும் கேட்பேன். 'எடுத்தாச்சு சார்' என்று அந்தப் பெண் சொல்வார். எடுத்ததை வேறு இடத்துக்குக் கொண்டுபோக நான் விடவில்லை. டிஸ்க் வெளியே போகக் கூடாது என்பது என் உத்தரவு. டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் இரண்டையும் கொடுத்தோம். கொஞ்சம் ஃபைல் திரும்பக் கிடைத்தது. பலவற்றில் பெயர் மட்டும் இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

எது தப்பியது என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகஸ்ட் 1, 2023 முதல் விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமாகியிருந்தது. அதற்குப் பின் போட்ட பில்கள் அரசு போர்ட்டலில் பத்திரமாக இருந்தன. அதற்கு முந்தைய விற்பனை நாங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1ல் இருந்தது. கொள்முதல் ஜிஎஸ்டிஆர்-2பியில் இருந்தது. வரவு செலவு பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் இருந்தது. சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தி வெளியே வைக்கச் சொன்னது எல்லாம் தப்பியது. என் இஷ்டத்துக்கு விடப்பட்டது எல்லாம் போனது. மெஷின் மெமரியில் இருந்த சில புரோகிராம்கள் மிஞ்சின. மற்றதை ஆபரேட்டர்கள் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார்கள். ஒரு பாகத்துக்குப் பழைய ரிவிஷன் டிராயிங்கை வைத்து ஓட்டி, லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது.

அந்த ரிஜெக்‌ஷனுக்கு விளக்கம் கேட்ட கஸ்டமரிடம்தான் முதல்முறையாகச் சொன்னேன்: "எங்க அக்கவுண்ட்ஸ் பொண்ணு பேக்கப்பைச் சரியா வைக்கல சார்." ஃபோனை வைக்கும்போது அந்தப் பெண் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து பில்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை. ஆடிட்டரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எளிதாகிவிட்டது. வருஷக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஆவடியிலிருந்து ரயிலில் வந்து பட்டரைவாக்கத்தில் இறங்கி நடந்து வருகிறவர். அந்த வெள்ளத்தில் அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அதை நான் விசாரிக்கக்கூட இல்லை. பிறகு பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து அவரைப் பற்றிக் கேட்டு ஃபோன் வந்தது. "வேலை நல்லா செய்வாங்க, பேக்கப் விஷயத்துல மட்டும் கொஞ்சம் அஜாக்கிரதை" என்றேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் கணக்கும் டிராயிங்கும் கிளவுடில் இருக்கின்றன. சர்வர், யுபிஎஸ் பேட்டரி, ஏஎம்சி என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்ட பணம், ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகையாகப் போகிறது. ஆர்டர் குறைந்த மாதம் லாகினைக் குறைத்துக்கொள்கிறோம். டிராயிங் மாறினால் பழைய ரிவிஷனும் தேதியோடு நிற்கிறது, ஷாப் ஃப்ளோரில் புதியது மட்டும் திறக்கிறது. அந்த மாதிரி லாட் நட்டம் இனி வராது. தம்பி இரவில் வீட்டிலிருந்தே பாக்கி வசூலைப் பார்க்கிறான். நான் கவனிக்காமல் விட்ட ஒரு பெரிய பாக்கியை முதல் மாதமே அவன்தான் கண்டுபிடித்தான். டேட்டாவின் நகல் வேறு ஊரிலும் இருக்கும்படி வைத்திருக்கிறோம். சென்னையில் மழை பெய்யும் அதே நாளில் அங்கேயும் வெள்ளம் வர வாய்ப்புக் குறைவு.

கிளவுடுக்குப் போனால் பொறுப்பு முடிந்தது என்றும் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் பழைய நகலைத் திரும்ப எடுக்கும் வசதியை ஆன் செய்து வைக்க வேண்டும். பாஸ்வேர்டோடு ஓடிபியும் வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றே எடுத்துவிட வேண்டும். நெட் போனால் தொல்லைதான், இரண்டாவது லைன் ஒன்று வைத்திருக்கிறோம். இன்னொன்றும் உறுத்துகிறது: என்டிடி நிறுவனம் இதே அம்பத்தூரில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றைத் திறந்ததும் 2023ல்தான். எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகள் தங்கள் டேட்டாவை நம்பி வைக்க எங்கள் ஊருக்கு வந்தன. நான் என் யூனிட்டில் இருந்த ஒருவரை நம்பவில்லை.

போன மாதம் அவரைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்ல சார்னு என்னால சொல்ல முடியாது. லெட்டர்ஹெட்டுல எழுதிக் கொடுங்க" என்றார். அவர் கிளவுட் கேட்டதையும் நான் மறுத்ததையும், டிஸ்க்கை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னது நான்தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பியும் கீழே கையெழுத்துப் போட்டான். அவருக்கு ஒன்று, அந்தப் பூந்தமல்லி கம்பெனிக்கு ஒன்று, கஸ்டமர்களுக்கும் ஆடிட்டருக்கும் ஒவ்வொன்று அனுப்பினேன்.

இதுவரை பதில் வந்தது ஆடிட்டரிடமிருந்து மட்டும்தான். 2022ல் அந்தப் பெண் அனுப்பிய மெயிலில் அவருக்கும் ஒரு காப்பி போயிருந்ததாம். நான் பழியை வேறு பக்கம் தள்ளியபோதே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.