தேய்ந்த வளையம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரின் மடியில், யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. இருமருங்கும் செங்குத்தான கருங்கற் சுவர்கள். அவற்றுள் எல் காப்பிட்டான் என்னும் பாறை ஒன்றே ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 2006-ஆம் ஆண்டில், அப்பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு மணிநேரப் பயணத் தொலைவில் இருந்த ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். விருந்தினர் எவரேனும் வந்தால் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். அடிவாரப் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பாறையின் நடுவே எறும்பு போல் ஏதோ ஒன்று அசையும். தொலைநோக்கி வழியே பார்த்தால் அது மனிதன்! "வேறு வேலை இல்லாதவர்கள்" என்று நம் உதடுகள் முணுமுணுத்ததுண்டு. அந்தச் சொல்லுக்காக வெட்கப்படும் நாள் ஒன்றும் வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 2, இறந்தோர் அனைவரின் நினைவு நாள். மாலைத் திருப்பலி முடிந்து மெழுகுதிரிகள் அணைக்கப்படும் நேரத்தில், பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பீடத்தருகே தயங்கி நின்றார். தச்சு வேலை செய்பவர். ஓய்வு நாள்களில் பாறை ஏறுபவர். அந்நாட்டுக் கோவில்கள் பலவற்றில் நவம்பர் மாதம் முழுவதும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்திருப்பர். மறைந்த தம் அன்பர்களின் பெயர்களை மக்கள் அதில் எழுதுவர்.

"தந்தையே, நம் பங்கைச் சேராத ஒருவரின் பெயரை இதில் எழுதலாமா?" என்று கேட்டார்.

"உறவினரா?" என்றோம்.

"இல்லை. ஒருமுறை அவர் பேசக் கேட்டிருக்கிறேன். அவ்வளவே."

அவர் எழுதிய பெயர் டாட் ஸ்கின்னர். இறந்தவர் எந்தச் சபையினர் என்று நாம் கேட்கவில்லை. அக்குறிப்பேடு பங்கு உறுப்பினர் பதிவேடு அன்று. இறை இரக்கத்திடம் நாம் நீட்டும் கை.

யார் இந்த ஸ்கின்னர்? அன்றிரவு அவ்விளைஞர் சொல்லக் கேட்டவற்றையும், பின்னர் நாமே படித்தறிந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லுவோம். 1958-இல் பிறந்தவர், வயோமிங் மாநிலத்தின் பைன்டேல் என்னும் மலையடிவாரச் சிற்றூரில் வளர்ந்தவர். பாறை ஏறுவோரிடையே 'தன்னுறுப்பு ஏற்றம்' என்று நாம் பெயரிடத்தக்க ஒரு முறை உண்டு. பாறையில் அறைந்த ஆணியையோ, தொங்கவிட்ட ஏணியையோ பற்றி ஏறாமல், கையாலும் காலாலும் மட்டுமே ஏறுவது. கயிறு உண்டு, ஆனால் அது தூக்கிவிடுவதற்கன்று, விழுந்தால் தாங்குவதற்கே. எல் காப்பிட்டான் பாறையில் சலாத்தே சுவர் என்றொரு வழி, 1961-இல் மூவரால் கருவிகளின் துணையோடு முதன்முதலாக ஏறப்பட்டது. அதனைத் தன்னுறுப்புகளால் மட்டும் ஏறுவது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1988-இல் ஸ்கின்னரும் அவர் நண்பர் பால் பியானாவும் அதைச் செய்து முடித்தனர். முடித்த கையோடு ஒரு விபத்து. உச்சியில் அவர்கள் தம்மைப் பிணைத்திருந்த பெரும்பாறை ஒன்று பெயர்ந்து உருண்டது. பியானாவின் கால் முறிந்தது, ஸ்கின்னரும் காயமுற்றார், உயிர் மட்டும் தப்பியது. 1995-இல் பாகிஸ்தானின் காரகோரம் மலைகளில், 6,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் டிராங்கோ கோபுரத்தைத் தோழர் மூவருடன் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் போராடி இதே முறையில் ஏறினார்.

தொடக்கத்தில் அவரை எல்லாரும் போற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அக்காலத்து மரபுப்படி, ஏறுகையில் விழுந்தவர் தரைக்கு இறங்கி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஸ்கின்னரோ விழுந்த இடத்திலேயே கயிற்றில் தொங்கி, மூச்சு வாங்கி, எந்த அசைவில் பிழை நேர்ந்தது என்று ஆராய்ந்து, அங்கிருந்தே மீண்டும் முயல்வார். இது முறையன்று என்று மூத்தோர் பலர் ஏளனம் செய்தனர். இன்று கடினமான பாறைகளில் பழகுவோர் பெரும்பாலும் அவ்வாறே பழகுகின்றனர். வீழ்ச்சியைத் தண்டனையாகக் கொள்ளாமல் பாடமாகக் கொண்ட ஒருவர்! ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் மறையுரையாற்றிய நமக்கு, இதைக் கேட்டபோது ஒரு நல்ல உவமையைத் தவறவிட்டோமே என்று தோன்றியது.

இனி அவர் மறைந்த விதம். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் பிரைடல்வெயில் அருவிக்கு அருகே சாய்ந்த கோபுரம் என்று அழைக்கப்படும் பாறை உள்ளது. பெயருக்கேற்பத் தலை வெளியே நீட்டியவாறு நிற்பது. கயிற்றில் தொங்கும் மனிதனுக்குப் பாறை எட்டாது. காலடியில் வெறும் காற்றுதான். 2006 அக்டோபர் 23, திங்கட்கிழமை. தோழர் ஒருவருடன் புதிய முயற்சி ஒன்றில் ஈடுபட்டிருந்த ஸ்கின்னர், கட்டிவைத்த கயிற்றின் வழியே இறங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கீழே விழுந்தார். வீட்டில் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தனர். இன்னும் ஐந்து நாள்களில் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும்.

கயிறு அறவில்லை. பாறை பெயரவில்லை. முடிச்சு அவிழவில்லை. இடுப்பில் அணியும் கச்சையின் முன்புறத்தில் உள்ளங்கை அளவில் நைலான் நாடாவால் தைத்த வளையம் ஒன்று இருக்கும். இறங்குபவரின் முழு எடையும் அதில்தான் தொங்கும். புதிய வளையம் ஏறத்தாழ 1,500 கிலோ எடையைத் தாங்கவேண்டும் என்பது விதி. அவ்வளவு உறுதியானது எப்படி அற்றது? அவ்வளையத்தில் வேறொரு நாடாவை இறுக்கி முடிந்து வைத்தால், வளையம் சுழலாது. உராய்வு நாள்தோறும் ஒரே இடத்தில் படியும். அந்த ஓரிடம் இழை இழையாகத் தேயும். அவருடைய வளையம் தேய்ந்து அற்றிருந்ததைப் பின்னர் கண்டறிந்தனர்.

இதனினும் நெஞ்சைத் தைப்பது ஒன்றுண்டு. அத்தேய்வை உடன் ஏறிய தோழர் சில நாள்களுக்கு முன்பே கண்டு சொல்லியிருந்தார். ஸ்கின்னரும் அதை மறுக்கவில்லை. புதிய கச்சைக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்றார். அது வந்து சேருமுன் இது அற்றுவிட்டது.

அன்று நம் இல்லத்து உணவு மேசையில் அமர்ந்து இவற்றைச் சொல்லி முடித்த இளைஞர், தாம் கொண்டுவந்த பையிலிருந்து தம் கச்சையை எடுத்து விளக்கின் கீழே வைத்தார். முன்புற வளையத்தை விரல்களால் மெல்லச் சுழற்றி, ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். "செய்தி வந்ததிலிருந்து நாங்கள் எல்லாரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், தந்தையே. என் நண்பர்களில் இருவர் தம்முடையதை வெட்டி எறிந்துவிட்டனர்" என்றார். ஏறுவோர் நெடுங்காலமாகக் கூடும் 'நான்காம் முகாம்' என்னும் கூடார வெளி அப்பள்ளத்தாக்கில் உண்டு. அங்கும் அவ்வாரம், அழுதுகொண்டே தம் கச்சைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களைத் தாம் கண்டதாகச் சொன்னார்.

துக்கத்தின் பல வடிவங்களை நாம் பார்த்திருக்கிறோம். மலர் வளையம் உண்டு. இரங்கற் கூட்டம் உண்டு. இறந்தவரின் பெருமைகளை அடுக்கி, நம்மைப் பற்றி ஒரு சொல்லும் சிந்திக்காமல் வீடு திரும்பும் வழக்கமும் உண்டு. இவர்களோ தாம் போற்றிய மனிதருக்குச் செய்த முதல் மரியாதை, தத்தம் இடுப்பைத் தொட்டுப் பார்த்ததுதான். அவரைவிட நாங்கள் விழிப்பானவர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. 'அவருக்கே இப்படி என்றால்!' என்பதே அவர்தம் அச்சம். அந்த அச்சத்தில் பணிவு இருந்தது.

பிறகு அவ்விளைஞர் கேட்டார்: "எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. தெரிந்திருந்தும் ஏன் ஏறினார்?"

மறைந்தவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நாம் அறியோம். அறிந்தவர் போல் பேசுவது பாவம். ஆனால் நம் உள்ளத்தை நாம் அறிவோம். அக்கேள்வியைக் கேட்டபோது நமக்கு நினைவு வந்தது ஸ்கின்னர் அல்லர், ஒரு கிழவர்.

அசோரஸ் தீவுகளிலிருந்து குடியேறிப் பால்பண்ணையில் பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் படுக்கையில் வீழ்ந்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறார் என்று அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி, நாட்குறிப்பில் பெயரை எழுதினோம். அவ்வெள்ளி ஒரு கூட்டம் குறுக்கிட்டது; பெயரை அடுத்த வெள்ளிக்கு மாற்றி எழுதினோம். அதற்கடுத்த வாரம் கணக்கு வழக்கு, மீண்டும் மாற்றினோம். மூன்று பக்கங்களிலும் அழகிய கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. நான்காவது வெள்ளிக்கு முந்தின இரவு, உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அடக்கத்திற்கு முன் அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "ஒவ்வொரு வெள்ளியும் என்னைச் சவரம் செய்துவிடச் சொல்லிக் காத்திருந்தார், தந்தையே" என்று மட்டும் சொன்னார். அதன் பின் அந்த நினைவை எங்கோ ஓர் அலமாரியில் பூட்டிவைத்திருந்தோம். நவம்பர் 2 அன்று, ஒரு தச்சரின் கேள்வி அதைத் திறந்துவிட்டது.

நம் வாழ்வில் அது எப்படி நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தோம். அக்கறையின்மையா? இல்லை, அக்கறை இருந்ததால்தான் எழுதிவைத்தோம். அறியாமையா? இல்லை, அவர் நிலை நமக்குத் தெரியும். எழுதிவைத்ததே நம்மை ஏமாற்றிற்று. 'ஏற்பாடு ஆகிவிட்டது' என்னும் நிம்மதி, செய்து முடித்த நிம்மதியைப் போலவே இனிக்கிறது. அந்த இனிப்பில் மனம் உறங்கிவிடுகிறது. வளையமோ உறங்குவதில்லை, அது தேய்ந்துகொண்டே இருக்கிறது. இதை அவ்விளைஞரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கச்சையைப் பையில் இட்டு, நம் கையைப் பற்றி அழுத்திவிட்டுச் சென்றார்.

பாறை ஏறுவதே இறைவனைச் சோதிப்பதன்றோ என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், அக்கீல் ரத்தி என்னும் இளங்குருவாக இருந்தபோது, 1889-இல் ஆல்ப்ஸ் மலைகளின் மோந்தே ரோசாச் சிகரத்தை அதன் கடுமையான கிழக்குப் புறத்தின் வழியே ஏறியவர். 1923-இல் மந்தோன் நகர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. மெய்யான மலையேற்றம் கண்மூடித்தனத்திற்கு நேர்மாறானது. ஆற்றலோடு பொறுமையும் விழிப்பும் வேண்டுவது. சிகரத்தின் மீது வைத்த கண்ணை, அவ்வப்போது இடுப்பிலுள்ள நாடாவின் மீதும் வைக்கக் கற்பது அது. ஸ்கின்னரைப் போன்ற வல்லுநருக்கும் அது தவறும் என்றால், நாம் எம்மட்டு?

தேய்வு ஓசையின்றி நிகழ்கிறது. பயன்படாத பொருள் இவ்வாறு தேய்வதில்லை. நாள்தோறும் நம்மைத் தாங்கும் பொருளே தேய்கிறது. இல்லறத்தில் நாள்தோறும் சுமையைத் தாங்கும் மனைவியின் பொறுமை, அழைக்காமலே புரிந்துகொள்ளும் நண்பனின் அன்பு, கேட்காமலே காத்திருக்கும் பெற்றோரின் ஏக்கம் ஆகியவற்றில்தான் நம் முழு எடையும் தொங்குகிறது. உறுதியானவை என்று நாம் நம்புவதாலேயே அவற்றைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அவை தேய்ந்திருப்பதை எவரேனும் சுட்டிக்காட்டினால், "தெரியும், விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அதுவும் ஒரு சொல்லியனுப்பிய கச்சைதான்.

அன்றிரவு நாட்குறிப்பைத் திறந்தோம். இரண்டு வாரங்களாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த மற்றொரு பெயர் அதில் இருந்தது. மகனோடு பேச்சற்றுத் தனித்து வாழ்ந்த ஒரு கைம்பெண். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், காலை உணவுக்கும் நிற்காமல் அங்கே சென்றோம். பெரிதாக ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. காப்பி கொடுத்தார், மகனின் சிறுவயதுப் படத்தைக் காட்டினார், நெடுநேரம் பேசினார். விடைபெறும்போது, "நாளை வந்திருந்தாலும் போதுமே, தந்தையே, என்ன அவசரம்?" என்று சிரித்தார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

தாய்நாடு திரும்பி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அந்த இளைஞர் இன்னும் ஏறுகிறாரா என்று தெரியாது. எனினும் ஒவ்வொரு நவம்பர் 2 அன்றும், நாம் நேரில் கண்டிராத அந்த மனிதரின் பெயரையும், நம்மைக் காண ஒவ்வொரு வெள்ளியும் காத்திருந்த கிழவரின் பெயரையும் பலிபீடத்தில் அருகருகே நினைவுகூருகிறோம். அன்பர்களே, நீங்களும் இவர்களுக்காக ஒரு நொடி மன்றாடுங்கள். பிறகு, யாரைக் காண 'அடுத்த வாரம்' என்று எழுதிவைத்திருக்கிறீர்களோ அவர் வீட்டுக்கு இன்றே புறப்படுங்கள்.