அப்பாவும் இருபதாம் ஓடுபாதையும்

சாங்கி கடற்கரைப் பூங்காவுக்கு இரவில் விமானம் படமெடுக்கக் கிளம்புகிறீர்களா? கேமராவைத் துடைப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். போன டிசம்பரில் இது தெரியாமல், முக்காலியும் வாடகை லென்சுமாக இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து இறங்கி, கடற்கரைப் பக்கமாக ஏறிப் போகும். நம் தலைக்கு மேலே வரும்போது நல்ல உயரத்தில் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் காற்று வீசும் நாள்களில்தான் கடலுக்கு மேலிருந்து தாழ்ந்து வரும், சக்கரங்கள் தெரிகிற அளவுக்கு. ஓடுபாதையின் எண்ணிலேயே திசை இருக்கிறது. 02 என்றால் திசைகாட்டியில் சுமார் 20 பாகை. அதே பாதையில் மறுபக்கமிருந்து இறங்கினால் 200 பாகை, அதற்கு எண் 20. நமக்கு வேண்டியது இந்த 20.

"என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேம்மா" என்றார் அப்பா.

கேட்டிருக்க வேண்டும். 1988ல் இருந்து 2015 வரை சாங்கியில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்கியவர் அவர். பாதி நாள் இரவு ஷிஃப்ட். ஆனால் அவர் வேலை செய்யும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. விமானம் நிற்கும் இடத்தில் நினைத்தபடி படமெடுக்க முடியாது. முகம் இருந்த ஒரே பாஸையும் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆல்பம் முழுக்கக் கல்யாணங்களும் பிறந்தநாள்களும்தான். பின்னால் விமான வெளிச்சத்தோடு அப்பாவை ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். டிசம்பரில் தனியாகப் போனது அதற்கு ஒத்திகை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களிடம் கார் இருந்தது. பேருந்தில் வருகிறவர்கள் 2 அல்லது 29ஆம் எண்ணில் சாங்கி வில்லேஜ் முனையத்தில் இறங்கி நடக்கலாம். கொசு மருந்து கட்டாயம். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஃபிளாஷ் அந்தத் தூரத்துக்கு எட்டவே எட்டாது.

சூரியன் மறைவது ஏழேகால் வாக்கில். அதற்குப் பிறகு வானம் கருநீலமாக இருப்பது இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தையும் நான் கோட்டைவிட்டேன். குளிரூட்டிய காரில் இருந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்ததும், லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி முன்னதாக வெளியே வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் கோப்பி ஓ கொசோங் வாங்கிவரப் போய்விட்டார்.

திரும்பி வந்து பாடம் நடத்தினார். இறக்கையின் இடது முனையில் சிவப்பு விளக்கு, வலது முனையில் பச்சை. சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. நான் கைப்பேசிச் செயலியில் பார்ப்பதற்கு முன்பே, "வருது பாரு, பெருசு" என்பார். வானொலியில் காதை வைத்துப் பிழைப்பவள் நான், எனக்கு அலைச்சத்தம் மட்டும்தான் கேட்டது.

இந்த விமானத்தளத்தை முதலில் போட்டவர்கள் ஜப்பானியரிடம் சிக்கிய போர்க் கைதிகள், 1943-44ல். பிறகு பிரிட்டிஷ் விமானப்படை இங்கே இருந்தது. இன்றைய விமான நிலையம் திறந்தது 1981ல். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தேன். மழை நாளில் பெட்டி எத்தனை கனக்கும் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

படத்துக்கு வருவோம். பறக்கும் விமானத்தை உறையவைக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/250 என்று போக வேண்டும். எனக்கு வேண்டியது அப்பாவின் தலைக்கு மேல் ஓர் ஒளிக்கோடு. அதனால் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்து விநாடி. இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் ஆகாமல் தடுமாறும். அப்பாவின் சட்டைப் பொத்தான்மேல் கைப்பேசி விளக்கை அடித்து ஃபோகஸ் செய்து, அப்படியே மேனுவலுக்கு மாற்றினேன். அமுக்கும்போது ஆடாமலிருக்க இரண்டு விநாடி டைமர்.

"பத்து விநாடி அசையக் கூடாதுப்பா." சொல்வது சுலபம். ஒலிபரப்பில் பத்து விநாடி மௌனம் விழுந்தால் எனக்கே உயிர் போய்விடும்.

முதல் விமானம் வந்தது. ஒளிக்கோடு அருமை, ஆனால் அப்பாவுக்கு முகமே இல்லை. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பிவிட்டார். இரண்டாவதிலும் அதே கதை.

"திரும்பாதீங்கப்பா."

"விமானம் வரும்போது பார்க்காம எப்படிம்மா நிக்கிறது?"

மூன்றாவதற்கு அவரே எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டார். இடக்கை இடுப்பில். பத்து விநாடியும் அசையவில்லை.

வீட்டில் அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "முகம் தெரியலையே" என்றார். பிறகு, "இடுப்பில கை வச்சிருக்காரே, அப்ப முதுகு வலிச்சிருக்கும்" என்றார்.

ஆகஸ்டில் மறுபடி போகிறோம். அம்மாவும் வருகிறார், மடக்கு நாற்காலியோடு.