ஹேங்டாக் முகமும் திருட்டு முழியும்

ஆங்கிலத்தில் 'ஹேங்டாக்' என்று ஒரு சொல் உண்டு. தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறவனின் முகத்துக்கு அந்தப் பெயர். மூணு அரியரோடு வீட்டு வாசலில் நிற்கிற பி.காம். மாணவனின் முகம் என்றால் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்! 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் முகத்தைக் குறிக்கவில்லை, ஆளையே குறித்தது. நாயைப் போலத் தூக்கில் தொங்க வேண்டியவன், அல்லது நாயைத் தூக்கில் போடத்தான் லாயக்கானவன் என்று இரண்டு விதமாக அர்த்தம் சொல்கிறார்கள். ஆளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

தேனிப் பக்கம் இதைத் திருட்டு முழி என்பார்கள். "என்னடா திருதிருன்னு முழிக்கிற?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே செய்யாதவனுக்கும் முழி மாறிவிடும். அப்படியென்றால் குற்றம் அவன் முகத்தில் இருந்ததா, கேட்டவர் கண்ணில் இருந்ததா?

இந்தக் கண்ணையே சட்டமாக்கியது வெள்ளைக்கார அரசாங்கம். 1871ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது (பிரிந்தது 1996ல்). அந்த மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணமான அன்று ராத்திரி கூட மாப்பிள்ளைக்கு விலக்கு இல்லை என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'.

தேனியிலிருந்து மதுரை போகிற வழியில் உசிலம்பட்டி வரும். அதற்குத் தெற்கே இருக்கிறது பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று அந்த ஊர் சொன்னது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் அவர் என்று சொல்கிறார்கள். தலையைத் தொங்கப்போட்டு நின்ற ஊர் இல்லை அது.

அந்த மக்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப் என்ற கேரளத்து வக்கீல். அவரை 'ரோசாப்பூ துரை' என்றே கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947ல்.

இன்னொன்றும் நடந்தது. சட்டம் இருந்த காலத்திலேயே அரசாங்கம் இந்த ஊர்களில் பள்ளிக்கூடங்கள் திறந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றில் படித்து வந்திருக்கிறார்கள். கைநாட்டு வாங்கின ஊர்களில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளிகள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றை நடத்திய துறைக்கு வைத்த பெயர் 'கள்ளர் சீரமைப்பு'. சீரமைக்க வேண்டியிருந்தது யாரை? சுடப்பட்டவர்களையா, சுட்டவர்களையா?