மும்பைக் கருங்கல்லும் கிளேஸ் கணக்கும்

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கைவினைப் பொருட்களை விற்பனைக்கு வைத்தால், சுட்ட கிண்ணம் ஒன்றைக் கையில் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "என்ன பெயின்ட் அடிச்சிருக்கீங்க?" கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் கிளேஸ் சேர்க்கிறவருக்கு அது சுருக்கென்று தைக்கும். ஒழுங்கான ஒரு கறுப்பை வரவழைக்கத் தராசும் சல்லடையும் சோதனை வில்லைகளுமாக மாதங்கள் போகும். அத்தனையும் டப்பாவைத் திறந்து தூரிகையால் தடவியதாக முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியில் பாதி இப்போது உண்மையாகிவிட்டது என்பது இன்னும் பெரிய வருத்தம். புதிதாகச் சக்கரத்தில் உட்காரும் இளைஞர்களில் பலர், கலந்து தயாராக வைத்த கிளேஸை பாட்டிலிலும் பொட்டலத்திலும் வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பொட்டலத்தில் அச்சடித்த எண்ணைச் சொல்கிறார்கள்.

கிளேஸ் என்பது பாறைப்பொடி. சூளையில் உருகி, பாண்டத்தின் மேல் கண்ணாடியாக உறைகிறது. சிலிக்கா கண்ணாடியாகும், அலுமினா அதை வழியவிடாமல் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆக்சைடுகள் உருக்கிக் கொடுக்கும். ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸேகர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த முறைதான் இன்றும் இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகம். உருக்கிகளின் மூலக்கூறுகளையெல்லாம் கூட்டி 1 என்று வைத்துக்கொண்டு, அதற்கு அலுமினா எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

உயர்வெப்பக் குயவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 4-3-2-1 கலவையை எடுத்துக்கொள்வோம். ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் பொடி) 20, சைனா கிளே 10. கணக்குப் போட்டால் பொட்டாசியம் ஆக்சைடு 0.26, கால்சியம் ஆக்சைடு 0.74, அலுமினா 0.41, சிலிக்கா 3.7 என்று வரும். சூளையின் வெப்பத்தைக் காட்ட ஸேகர் செய்த கோன்களில் 4ஆம் எண்ணுக்கு அவர் வைத்த அளவு 0.3, 0.7, 0.5, 4. யாரோ கண்ணை மூடிக்கொண்டு உருட்டிய எண்கள் அல்ல இவை என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மனப்பாடம் செய்தவர்களில் எத்தனை பேர் இதை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள்?

போட்டுப் பார்க்காததன் விலை, மூட்டை மாறும் அன்று தெரியும். ராஜஸ்தானிலிருந்து வரும் ஃபெல்ஸ்பாரும் ஆந்திரத்திலிருந்து வரும் ஃபெல்ஸ்பாரும் ஒன்றல்ல. ஒரே சுரங்கத்திலேயே இந்த வருடச் சரக்கு போன வருடத்தைப் போல இருக்காது. பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் என்று கேட்டு வாங்கிய மூட்டையில் சோடா, அதாவது சோடியம் ஆக்சைடு, கூடுதலாக இருந்தால், பார்வைக்கு அதே வெள்ளைப் பொடிதான். சோடா மிகுந்த கிளேஸ் ஆறும்போது அதிகம் சுருங்கும். கிண்ணம் சூளையிலிருந்து வெளியே வந்தபின் மெல்லிய 'டிங்... டிங்' ஓசையோடு கிளேஸில் மயிரிழை வெடிப்பு ஓடும். கலவை முறையை மட்டும் நம்பியவர் களிமண்ணைத் திட்டுவார், சூளையைத் திட்டுவார். கணக்குத் தெரிந்தவர் சிலிக்காவைக் கொஞ்சம் ஏற்றுவார், அல்லது சோடாவில் ஒரு பங்கைக் குறைத்து மக்னீசியத்தைக் கொண்டுவருவார்.

இந்த நகரத்தில் கிளேஸ் பற்றிப் பேசுபவர் கருங்கல்லை, அதாவது பசால்ட்டை, தொடாமல் போக முடியாது. மும்பை நிற்பதே அதன் மேல்தான். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி உறைந்த தக்காண எரிமலைக் குழம்பு அது. அந்தேரியில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் கில்பர்ட் குன்றும் அதே காலத்துக் கருங்கல்தான். பழைய கட்டடங்களின் சுவரிலும், ரயில் தண்டவாளத்தின் அடியிலும், கான்கிரீட்டின் ஜல்லியிலும் இருப்பது அதுவே. கல்லுடைக்கும் ஆலைகளில் அதன் தூள் மலையாகக் குவிகிறது. இயற்கை ஒருமுறை உருக்கிவிட்ட பாறை 1250 டிகிரியில் மறுபடி உருகும். பிறகு ஏன் அதை அப்படியே கிளேஸாகப் பூசக் கூடாது?

பூசலாம். ஆசைப்பட்டுப் பூசியவர்கள் நிறையப் பேர். கிடைப்பது பெரும்பாலும் சோர்ந்த ஒரு பழுப்பு. கொஞ்சம் தடிமனாகப் போட்டால் வழிந்து இறங்கிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும், உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. தக்காணக் கருங்கல்லில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம், அலுமினா 13 அல்லது 14, கால்சியம் ஆக்சைடு 10, மக்னீசியம் ஆக்சைடு 5 அல்லது 6, சோடாவும் பொட்டாஷும் சேர்ந்தே 3க்குள், இரும்பு ஆக்சைடு 14 வரை. ஸேகர் முறைக்கு மாற்றினால் அலுமினா சுமார் 0.36, சிலிக்கா வெறும் 2.25. கண்ணாடி ஆக வேண்டியது குறைவு. பிடித்து நிறுத்தும் அலுமினாவும் போதாது. போதாததற்கு, புகையடைத்த சூளையில் இரும்பும் உருக்கியாகச் சேர்ந்துகொள்கிறது.

அந்த எண்களிலேயே மருந்தும் இருக்கிறது. கருங்கல் தூள் 60, பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 20, குவார்ட்ஸ் 20 என்று சேர்த்தால் அலுமினா 0.45க்கும் சிலிக்கா 4க்கும் வந்து நிற்கும். பழைய 4-3-2-1 நிற்கும் இடத்துக்கு அருகிலேயே. இரும்பு 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சீனத்திலும் ஜப்பானிலும் டென்மோகு என்று போற்றப்பட்ட கறுப்புக்கு வேண்டிய அளவு கிட்டத்தட்ட அதுதான். விளிம்பில் பூச்சு மெலியும் இடத்தில் துருச்சிவப்பு, உள்வளைவில் ஆழ்ந்த கறுப்பு. ஆக்சிஜன் நிறைந்த சூளையில் சுமார் 1230 டிகிரிக்கு மேல் இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை விடும். அந்தக் குமிழிகள் மேலே வந்து உடைந்து ஆறினால் எண்ணெய்த் துளி போன்ற புள்ளிகள் தங்கும்.

இனிதான் கல் தன் பிடிவாதத்தைக் காட்டும். எல்லாக் கருங்கல்லும் இறுக்கமானதல்ல. குழம்பு ஆறியபோது உண்டான குழிகளில் சியோலைட்டும் கால்சைட்டும் படிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலை வெட்டும்போது பளபளக்கும் அந்த வெள்ளைப் படிகங்களைச் சேகரிப்பவர்கள் அலமாரியில் வைப்பார்கள். கிளேஸுக்கு அவை தொல்லை. சூடேறும்போது சியோலைட்டிலிருந்து நீரும் கால்சைட்டிலிருந்து கரியமில வாயுவும் வெளியேறும். நிறுத்த எடை பொய்யாகிவிடும். அதனால் தூளை முதலில் 900 டிகிரி வரை சுட்டு எடுப்பது நல்லது. அதன்பின் உருண்டைகள் உருளும் பால் மில்லில் அரைத்து 100 மெஷ்ஷில் சலிக்க வேண்டும். காந்தத்தைத் தூளின் மேல் ஓட்டினால் கறுப்பு மீசைபோல் ஒட்டும். அரவையில் உதிர்ந்த இரும்பு என்று அதைத் துடைத்து எறிகிறார்கள். அதில் பெரும்பகுதி அந்தக் கல்லிலேயே இருக்கும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது. எறிந்தால் கறுப்பு போயிற்று. வாளியில் கரைத்த கல்தூள் ஒரு மணி நேரத்தில் அடியில் சிமென்ட் போல இறுகும் என்பதால் 2 சதவீதம் பென்டோனைட் களிமண் சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு புதிய தூள் குவியலுக்கும் புதிய சோதனை வில்லை. இதில் குறுக்குவழி கிடையாது.

உள்ளூர்க் கல்லை அறிந்து கிளேஸ் சேர்க்கும் இந்த வேலையை இங்கிலாந்துக் குயவர் மைக்கேல் கார்டியூ ஆப்பிரிக்காவில் செய்தார். நைஜீரியாவில் அன்று அபுஜா எனப்பட்ட ஊரில் 1950களில் பயிற்சிக்கூடம் நடத்தியபோது, உள்ளூர்ப் பாறையையும் மண்ணையும் ஆராய்ந்து கிளேஸ் சேர்த்தார். 1969இல் வந்த 'பயனியர் பாட்டரி' நூலில் பாறைகளின் கூறுகளைப் பக்கம் பக்கமாக எழுதினார். நம் நாட்டில் நிர்மலா பட்வர்தன் குயவர்களுக்கென்றே கையேடு எழுதி, தன் கிளேஸ் அறிவை ஒளிக்காமல் பொதுவில் வைத்தார். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஒரு தலைமுறையையே உருவாக்கியது. மும்பைக்கும் பழைய உரிமை உண்டு: ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1870களிலேயே ஜார்ஜ் டெர்ரி, சிந்துப் பகுதியின் மெருகிட்ட பாண்ட வேலையை முன்மாதிரியாக வைத்துப் பட்டறை நடத்தினார்.

தாராவி கும்பார்வாடாவில் ஏன் கிளேஸ் இல்லை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், ஏதோ குறை போல. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த பிரஜாபதிக் குயவர்கள் அங்கே பஞ்சுக் கழிவும் மரத்துண்டும் போட்டு எரிக்கும் பட்டிச் சூளை, 1000 டிகிரிக்குக் கீழே அகலும் பானையும் சுடுவதற்கு. பானைத் தண்ணீர் குளிர்வதே சுவரில் கசியும் நீர் ஆவியாவதால்தான். மெருகு போட்டால் அந்தப் பயனே போய்விடும். 1250 டிகிரியில் அந்தச் செம்மண் தளர்ந்து சரியும். குறைந்த வெப்பத்தில் பளபளப்பு வேண்டுமென்றால் பழைய சுலப வழி ஈயம், அது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நஞ்சு. அந்தக் குயவர்கள் தங்கள் மண்ணை அறிந்து வேலை செய்கிறார்கள். ஸ்டுடியோ என்று பலகை மாட்டியவர்கள் தங்கள் கல்லை அறிவதில்லை.

கைபேசியில் கிளேஸ் கணக்குச் செயலி இல்லையா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான், ஒருகாலத்தில் தாளில் அரைநாள் போட்ட கணக்கை நொடியில் தரும். ஆனால் அதன் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் ஃபெல்ஸ்பார். கையில் இருப்பது இங்கே வாங்கிய மூட்டை. அதன் பகுப்பாய்வுத் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி உள்ளே ஏற்றுகிறவர் அபூர்வம். கேட்காததால் கடைக்காரரும் வைத்திருப்பதில்லை.

இதெல்லாம் அழகைப் பற்றிய வாதம் மட்டுமல்ல. மாட்டுங்கா வீட்டில் அந்தக் கிண்ணத்தில் ரசம் ஊற்றுவார்கள், புளிக்குழம்பு ஊற்றுவார்கள். சிலிக்கா குறைந்த கிளேஸைப் புளிப்பு அரிக்கும். செம்பு சேர்த்த பச்சை நிறமாக இருந்தால் செம்பு உணவில் இறங்கும். எலுமிச்சைத் துண்டை இரவெல்லாம் அதன் மேல் வைத்திருந்து காலையில் கழுவிப் பார்த்தால், மோசமான கிளேஸில் அந்த இடம் மட்டும் மங்கியிருக்கும். 'உணவுக்கு ஏற்றது' என்ற பொட்டலத்து வாசகம், சொன்ன வெப்பத்தில், பொருந்தும் மண்ணில் சுட்டால்தான் செல்லும். பெயின்ட்டா என்று கேட்கிறவர்கள் இனி எந்த வெப்பத்தில் சுட்டது, புளிப்பு வைத்துப் பார்த்தீர்களா என்றும் கேட்கட்டும். பதில் வராத கிண்ணத்தை வாங்காமல் வைத்துவிட்டுப் போகட்டும்.