ஆயிரத்து நூறு மணல்மேடுகளும் ஒரு தண்ணீர்க் கணக்கும்

ஆஸ்திரேலியா போய்வந்தோம் என்று நம்மவர்கள் சொன்னால் பெரும்பாலும் பெர்த், மெல்பர்ன், சிட்னி என்றுதான் பொருள். தென் ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து, வட பிரதேசம் மூன்றும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிச் சிம்சன் பாலைவனம் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 176,500 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதற்குள் தார்ச்சாலை ஒன்றுகூட இல்லை. வடக்கு தெற்காக ஓடும் 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள்தான் இருக்கின்றன. சில மேடுகள் 200 கிலோமீட்டர் நீளம். மேலிருந்து பார்த்தால் உழுத வயலின் சால்கள் போலத் தெரியும். கிழக்கே போக வேண்டுமானால் அத்தனை சாலையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கத்தான் வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இது பெருங்கனவு. கனவு காண்பவர்கள் முதலில் வண்டியைப் பற்றியே பேசுவார்கள். நான் நாட்காட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்கா மூடப்பட்டிருக்கும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குத் திட்டம் போட்டால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். காரணம் வெயில். பாலைவனத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் 1972 டிசம்பரில் 49.5 பாகை பதிவாகியிருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே உகந்தவை. பகல் இதமாக இருக்கும். இரவில் தண்ணீர்ப் புட்டியில் பனிக்கட்டி பிடித்தாலும் வியப்பில்லை. நம்மூர்ச் சட்டைகளை நம்பிப் போகாதீர்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் வழக்கம். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. ஏற்றம் எளிது, இறக்கம் கடினம் என்ற வரிசை வண்டிக்கு நல்லது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அடிலெய்டுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓட்டினால் மவுண்ட் டேர் வரும். ஊர் என்று சொல்ல முடியாது; ஒரு விடுதி, ஓர் எண்ணெய் நிலையம், ஒரு பட்டறை. அடுத்த எண்ணெய் நிலையம் பேர்ட்ஸ்வில்லில்தான். எந்தத் தடத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, இடையில் 500 முதல் 600 கிலோமீட்டர். கடக்க நான்கைந்து நாள்.

இனிதான் உண்மையான திட்டமிடல். காகிதமும் பேனாவும் எடுத்து எடையைக் கணக்கிட வேண்டும்.

தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து நாள் பயணம், வண்டி பழுதாகி நின்றால் காத்திருக்க மூன்று நாள், ஆக எட்டு நாள். இருவருக்கு 112 லிட்டர், அதாவது 112 கிலோ. நால்வர் என்றால் 224 கிலோ. டீசல்: சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி மணலில் 20, 25 என்று குடிக்கும். 550 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் வீதம் போட்டால் 138 லிட்டர் வருகிறது. கையிருப்பாக 50 லிட்டர் சேர்த்தால் 190க்குக் கொஞ்சம் குறைவு. ஏறத்தாழ 160 கிலோ. ஆட்கள், கூடாரம், உணவு, இரண்டாவது உபரிச் சக்கரம், காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, கருவிப்பெட்டி எல்லாம் இதற்கு மேல். பெரிய வண்டிகள் பலவும் சுமக்கும் எடை 600, 700 கிலோவுக்குள்தான். அதை மீறினால் சுருள்வில் உடையும், மணலில் புதையும், இன்னும் அதிக டீசல் குடிக்கும். அதற்காக மேலும் டீசல் ஏற்றினால் எடை இன்னும் கூடும்.

உயிர் காக்கும் என்று ஏற்றுகிற ஒவ்வொரு பொருளும் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்க வைக்கிறது. ஆகவே ஒரு வண்டியில் நால்வர் நெருக்கியடித்துப் போவதைவிட, வண்டிக்கு இருவராக இரண்டு வண்டிகள் போவது மேல். ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும். பின்னால் இழுவைப் பெட்டி மாட்டிக்கொண்டு போகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அது தனக்கும் கேடு, தடத்துக்கும் கேடு.

பகாங், கிளந்தான் காட்டுத் தடங்களில் சேற்றில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு சொல். அங்கே வண்டி சிக்கினால் மரத்தில் கம்பி வடத்தைக் கட்டி வின்ச் போட்டு இழுத்துக்கொள்வோம். சிம்சனில் மணல்மேட்டு உச்சியில் சிக்கினால் கட்டுவதற்கு மரம் இருக்காது. சக்கரத்தின் அடியில் வைக்கும் மீட்புப் பலகைகளும் மண்வெட்டியும்தான் கைகொடுக்கும். அதற்கும் முன்னால், டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். காற்றை இறக்காமல் சக்கரத்தைச் சுழற்றி ஏறுபவர்களால்தான் சரிவெங்கும் குழி விழுந்து, பின்னால் வருபவர் அவதிப்படுகிறார். வண்டியின் முன்னால் ஆரஞ்சுக் கொடி கட்டுவது சட்டப்படி கட்டாயம். தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரம் வேண்டும். மேட்டின் மறுபுறம் ஏறி வருபவர் கண்ணுக்குக் கொடிதான் முதலில் தெரியும்.

வாடகை வண்டியில் போக நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தத் தடங்களைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கும். அங்கிருந்து பழுதான வண்டியை இழுத்துவரப் பல ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளி ஆகும். காப்புறுதி கையை விரித்துவிடும்.

மவுண்ட் டேரிலிருந்து 70 கிலோமீட்டரில் டல்ஹவுசி ஊற்று. பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீரில் நீந்தலாம். அதைத் தாண்டினால் பர்னி போர், பிறகு பிரெஞ்சுத் தடம். 1960களில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் புல்டோசரால் கீறிய கோடு அது. நிலநடுக்க ஆய்வுக்குப் போட்டதால் மேடு பள்ளம் பார்க்காமல் நேர்கோடாகப் போகிறது; மேடுகளை நேருக்கு நேராக முட்டுகிறது. தெற்கே ரிக் சாலை என்று இன்னொன்று உண்டு. ஏறுவது சுலபம், தொலைவு அதிகம். மறுபடியும் டீசல் கணக்குதான்.

மூன்று எல்லைகளும் சந்திக்கும் பெப்பல் மூலையில் எல்லோரும் படமெடுத்துக்கொள்வார்கள். 1880இல் அந்த மூலையை அளந்த அகஸ்டஸ் பெப்பலின் அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுபோயிருந்தது. அவர் நட்ட கம்பம் உப்பேரிக்குள் போய் நின்றது. பின்னால் வந்தவர்கள் திருத்தி நட்டார்கள்.

இந்த மண் யாரும் இல்லாத மண்ணாக இருந்ததில்லை. மேடுகளுக்கு நடுவே மிகிரி எனப்படும் ஆழ்கிணறுகளை நம்பி வங்கங்குரு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1900ஆம் ஆண்டை ஒட்டித்தான் வெளியேறினார்கள். அதன் பிறகு, 1936இல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு கடந்தார். துணைக்கு வந்தவர் பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடி இளைஞர். மோட்டார் வாகனத்தில் முதலில் கடந்தவர் புவியியலாளர் ரெஜ் ஸ்பிரிக். 1962இல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு!

அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில், பாலைவனத்தின் கிழக்கு ஓரமாகப் போகும் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பம் வழி தவறியது. பெற்றோரும் மூன்று பிள்ளைகளும். பெட்ரோல் தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது. வண்டியை விட்டு நடந்தார்கள். ஐவரும் தாகத்தால் இறந்தார்கள். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பாடம் இன்றும் அதுதான்: வண்டி நின்றால் வண்டியின் நிழலிலேயே இருங்கள். வானிலிருந்து தேடுபவர் கண்ணுக்கு வண்டி தெரியும், நடந்து போகும் மனிதர் தெரியமாட்டார். கைப்பேசி அங்கே வேலை செய்யாது. செயற்கைக்கோள் தொலைபேசியும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டிய அவசரச் சமிக்ஞைக் கருவியும் தேவை. அருகிலுள்ள வண்டிகளோடு பேச யு.எச்.எப். வானொலி, 10ஆவது அலைவரிசை.

மேடுகள் கிழக்கே போகப் போக உயரும். கடைசியில் பிக் ரெட், சுமார் 40 மீட்டர். எண்ணெய் குறைந்த வேளையில்தான் அதிகமாகக் குடிக்கும் ஏற்றம் வருகிறது. அதற்கு முன்னால் அயர் சிற்றாறு. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். ஆனால் பல நூறு கிலோமீட்டர் வடக்கே பெய்த மழை, வாரங்கள் கழித்து நீலவானத்தின் கீழே வெள்ளமாக வந்து தடத்தை மறிக்கும். ஆகவே மவுண்ட் டேரில் புறப்படுமுன் ஆற்றின் நிலையைக் கேளுங்கள். நீர் நின்றால் வடக்கே சுற்றிப்போக வேண்டும். அதற்கும் எண்ணெய் வேண்டும். போதாது என்று கணக்கு சொன்னால் போகாதீர்கள். விமானச் சீட்டு, விடுப்பு, செலவு எல்லாம் மனத்தில் முட்டும்தான்.

இன்னொரு காகிதமும் வேண்டும். எந்தத் தடம், எத்தனை ஆட்கள், வண்டி எண், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் பேர்ட்ஸ்வில் காவல் நிலையத்தை அழைக்க வேண்டும் என்று எழுதி, கிள்ளானிலோ ஈசூனிலோ இருக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பேர்ட்ஸ்வில்லில் 1884இலிருந்து நிற்கும் விடுதிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும், குளிர்ந்த பானம் கேட்பதற்கு முன் அவரை அழைத்துவிடுங்கள்.