டீசல் காருக்குள் புகுந்த கொசு

அந்தக் காரின் டேஷ்போர்டில் முப்பது கேசட் இருந்தது. அதில் பத்து தேய்ந்து போய் முனகும். ஐந்து நாடாவை டெக் தின்றுவிட்டது. மிச்சம் பதினைந்தை வைத்துக்கொண்டுதான் அப்பா வருடக்கணக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் வாடகைக் கார் ஓட்டிக் கொண்டிருந்தார். போக 320 கிலோமீட்டர், வர 320 கிலோமீட்டர். பெரும்பாலும் ராத்திரி சவாரி. போகும்போது பேச்சுத்துணைக்குப் பயணிகள் இருப்பார்கள். திரும்பும்போது காலி வண்டி, பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, பாட்டு மட்டும்தான் துணை.

இது 2008-இல் நடந்தது. பையன் அப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். ஸ்காலர்ஷிப் பணம் வந்ததும் நேரே பர்மா பஜார் பக்கம் போய் 1 ஜிபி எம்பி3 பிளேயர் ஒன்றை வாங்கி வந்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. நிமிடத்துக்கு 1 எம்பி என்று கணக்குப் போட்டால் இருநூறு பாட்டு தாராளமாக ஏறும். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு என்றால், பதினாறு கேசட் தீப்பெட்டிக்குள் அடக்கம்! அப்பாவின் பிறந்தநாளுக்குப் பரிசு.

பரிசு எல்லாம் சரி. அதைக் காரோடு எப்படி இணைப்பது? அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். லைட்டர் ஓட்டையில் சொருகினால் குட்டி ரேடியோ நிலையம் மாதிரி வேலை செய்யும். அது ஒலிபரப்பும் அதே அலைவரிசையை ஸ்டீரியோவில் வைத்தால் பாட்டு வரும். திருச்சியில் 91.1 காலியாக இருந்ததால் அதில் வைத்துக் கொடுத்தான். விழுப்புரம் தாண்டும் வரை அமர்க்களம். செங்கல்பட்டு நெருங்கியதும் பாட்டுக்கு நடுவே யாரோ ஒரு பெண் கலகலவென்று பேச ஆரம்பித்தார். சென்னையில் 91.1 ரேடியோ சிட்டியின் அலைவரிசை. பெரிய கோபுரத்தோடு தீப்பெட்டி மோதினால் யார் ஜெயிப்பார்? அப்பா வழியில் அலைவரிசை மாற்றப் போய், முன்னால் போன லாரியை நூல் இழையில் தவிர்த்தாராம். அந்தக் கருவி அன்றோடு ஓய்வு பெற்றது.

அடுத்து கேசட் அடாப்டர். பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், வாலாக ஒரு வயர் தொங்கும். உள்ளே நாடா கிடையாது. சின்ன ஹெட் ஒன்று இருக்கும், டெக்கின் ஹெட்டோடு ஒட்டி நின்று காந்தப் புலமாகப் பாட்டைக் கொடுக்கும். அருமையான யோசனைதான். ஆனால் அப்பாவின் டெக் ஆட்டோ ரிவர்ஸ். சக்கரத்தில் நாடாவின் கனம் தெரியாததால், கேசட் முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றியது. பக்கம் மாறினால் ஹெட் வேறு இடத்துக்குப் போய்விடும், பாட்டு கம்பளிக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். இரண்டு வாரத்தில் அதுவும் பெட்டிக்குள் போனது.

கடைசியில் அப்பாவே மனசு வைத்து, முன்பக்கம் ஆக்ஸ் ஓட்டை உள்ள ஸ்டீரியோ ஒன்றைப் பழைய விலைக்கு மாட்டினார். 3.5 மில்லிமீட்டர் வயர், இந்தப் பக்கம் பிளேயர், அந்தப் பக்கம் ஸ்டீரியோ. இதை விட எளிது உண்டா?

முதல் நாளே அப்பா போன் செய்தார். “டேய், மியூசிக் நல்லா வருது. எஸ்.பி.பி.யத்தான் காணோம்!”

பையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிளேயருக்குப் போட்டிருந்த ரப்பர் உறைதான் காரணம். அது தடுத்ததால் பின் முழுசாக உள்ளே போகவில்லை, எர்த்து மட்டும் தொடவில்லை. எர்த்து விட்டுப்போனால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். சமமாக இருப்பது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எஸ்.பி.பி. காணாமல் போனது அப்படித்தான். உறையைக் கழற்றியதும் திரும்பி வந்துவிட்டார்.

ஆனால் பிளேயரின் பேட்டரி ஐந்து மணி நேரம்தான். சென்னை போகும் வரைக்கும் சரி, காலி வண்டியாகத் திரும்பும்போது ஊமை. எனவே லைட்டர் ஓட்டைக்கு ஒரு சார்ஜர் வாங்கினான். அதைச் சொருகிய நிமிடத்தில் காருக்குள் கொசு புகுந்தது. பாட்டுக்குப் பின்னால் ‘ஈய்ய்ய்ங்’ என்று ஒரு சத்தம்.

பையன் எலெக்ட்ரானிக்ஸ் மாணவன் ஆயிற்றே, களத்தில் குதித்தான். வயரை மாற்றினான். ஸ்பீக்கர் முனைகளைக் கழற்றி மாட்டினான். வால்யூமை ஏற்றி இறக்கினான். பாட்டு ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி பிளேயரை ஃபார்மேட் செய்தான். எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. கொசு அப்படியே இருந்தது. இருநூறு பாட்டு மட்டும் போயிருந்தது. பிரவுசிங் சென்டர் மூடிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி பார்த்து அப்பாவுக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட் சவாரி. பழைய கேசட் எதையும் புது ஸ்டீரியோ வாங்காது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போதுதான் அப்பா சொன்னார், அதுவும் அம்மா உள்ளே போன பிறகு. “அன்னிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு நிமிஷம் கண்ணு அசந்துட்டுச்சு. ரோட்டோர ஜல்லியில டயர் எறங்குன சத்தத்துலதான் முழிச்சேன். உங்கம்மாகிட்ட சொல்லாத.”

பையனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த ஞாயிறு இருவருமாக வண்டியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் ரோட்டில் போனார்கள். பையன் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தான். சமயபுரம் தாண்டியதும் அப்பா சொன்னார்: “ஆக்சிலேட்டர மிதிச்சா கொசு சத்தம் ஏறுது பாரு. கியர் மாத்துறப்ப எறங்குது. இது பாட்டுல இருந்து வரலடா. டைனமோவுல இருந்து வருது.”

அவ்வளவுதான். மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தை அப்பா காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். இஞ்சின் சத்தத்தை இருபது வருடம் கேட்ட காது அது. பையன் சார்ஜரைப் பிடுங்கினான். கொசு செத்தது. சொருகினான், பிழைத்தது.

மிச்சத்தைப் புத்தகம் சொன்னது. ஆல்டர்னேட்டர் ஏசி கரண்டைத்தான் தயாரித்து டிசி ஆக்குகிறது. மாற்றிய பிறகும் அதில் சின்ன அலை மிச்சம் இருக்கும். இஞ்சின் வேகம் ஏறினால் அந்த அலையின் சுருதியும் ஏறும். பிளேயருக்கு ஆக்ஸ் வயர் வழியாக ஒரு எர்த்து, சார்ஜர் வழியாக இன்னொரு எர்த்து. இரண்டும் கடைசியில் ஒரே பேட்டரிக்குத்தான் போகின்றன. ஆனால் வழியில் உள்ள வயரிலும் தகரத்திலும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் இரண்டு இடத்துக்கும் மில்லிவோல்ட் கணக்கில் வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை ஸ்டீரியோ பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்குகிறது. இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். கேசட் அடாப்டரில் இது வராததும் இதனால்தான். அங்கே நடுவில் வயர் தொடர்பு கிடையாது, காந்தம் மட்டும்தான்.

இதற்கு மருந்தும் அதே காந்தம்தான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று சின்ன டப்பா கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். ஆக்ஸ் வயருக்கு நடுவில் மாட்டினால் பாட்டு போகும், எர்த்து போகாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வரலாம் என்று பையன் சொன்னான்.

அப்பா வேண்டாம் என்றுவிட்டார். “பேட்டரி தீர்ந்தா பாட்டு நிக்கட்டும். பாட்டு நின்னா நானும் வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சுக்கறேன். நான் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள அதுவும் சார்ஜ் ஏறிக்கட்டும்.”

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பாட்டு தூக்கத்தை விரட்டாது, கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும். ஓரங்கட்டி அரைமணி நேரம் கண் மூடுவதுதான் வைத்தியம். மறுபடி இருநூறு பாட்டு ஏற்றிக் கொடுப்பது மட்டும் பையன் பொறுப்பு.

பிளேயர்கள் இன்று பரணுக்குப் போய்விட்டன. ஐபாடையே 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய காரில் போனை ஆக்ஸில் மாட்டிக்கொண்டே சார்ஜ் போட்டால் அதே கொசு இன்றும் வரும். மாட்டிக்கொண்டவர்களுக்காக:

1. பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.
2. பிளேயர் வால்யூம் முக்கால், ஸ்டீரியோவில் மிச்சம். பிளேயரைக் குறைத்து ஸ்டீரியோவை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.
3. சத்தம் இஞ்சினோடு ஏறி இறங்குகிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் எர்த்துப் பிரச்சினை. ஐசோலேட்டர் வாங்கலாம்.
4. பென் டிரைவ் படிக்கவில்லையா? பல ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். ஃபார்மேட் செய்யுமுன் பாட்டை வேறு எங்காவது எடுத்து வையுங்கள்!
5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது, எது சரி செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஆறாவதாக ஒன்று. அந்த வண்டியைத் தினமும் ஓட்டுபவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். மல்டிமீட்டரை அப்புறம் எடுக்கலாம்.