விருந்தினர் சென்ற மறுநாள்

திருவிழா நடத்துவதென்றால் என்ன என்பதை நம் வாசகக் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடியேற்றத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே தலைக்கட்டு வரி பேசியாக வேண்டும். தேரின் அச்சையும் சக்கரத்தையும் தச்சர் வந்து பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் உறவினருக்குப் பாய், தலையணை, தண்ணீர், அடுப்பு என ஒவ்வொரு வீடும் தன் கணக்கைப் போட வேண்டும். பத்து நாள் மகிழ்ச்சிக்குப் பின்னால் நூறு நாள் உழைப்பு இருக்கிறது. கொடியிறக்கிய மறுநாள் காலையில் ஆலய முற்றத்தைப் பார்த்தால், அவ்வாண்டுத் திருவிழா எப்படி நடந்தது என்பது விளங்கிவிடும். இளைஞர் துடைப்பத்தோடு நின்றால் திருவிழா சிறப்பாக நடந்தது என்று பொருள். உபதேசியார் ஒருவர் மட்டும் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தால், அவ்வளவு சிறப்பாக நடக்கவில்லை என்றே நாம் கொள்வது வழக்கம்.

இந்த அளவுகோலைக் கால்பந்துப் போட்டி ஒன்றிற்கும் பொருத்திப் பார்க்கும் வேளை நமக்கு வந்தது. நாம் பணியாற்றும் வரதராஜன்பேட்டை, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த செம்மண் ஊர். அலங்கார அன்னையின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்வதில் இவ்வூராருக்கு எவ்வளவு பெருமையோ, இங்குள்ள இளைஞருக்குப் பந்தாட்டத்திலும் அவ்வளவு பெருமை உண்டு. சலேசியத் துறவிகள் பள்ளி நடத்தும் ஊரில் பந்து இல்லாமற் போகுமா?

பாஸ்காக் காலத்தில் ஒரு மாலை, இளைஞர் எண்மர் ஒரு திட்டத்தாளுடன் குருமனைக்கு வந்தனர். திருவிழாவையொட்டி எழுவர் கால்பந்துப் போட்டி நடத்த வேண்டும். இலங்கையிலிருந்து ஓர் அணி வர வேண்டும். தமிழகக் கல்லூரிகளில் பயிலும் ஆப்பிரிக்க மாணவரைக் கொண்டு மற்றோர் அணி அமைக்க வேண்டும். சுவரொட்டியில் 'சர்வதேசக் கால்பந்துப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். மின்னொளி, இரும்புக் குழாய்களால் கட்டிய பார்வையாளர் மேடை, ஆளுயரக் கோப்பை, வாணவேடிக்கை எல்லாம் தாளில் இருந்தன. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன்மார் பணம் அனுப்ப இசைந்திருந்தனராம். "ஃபாதர், நம்ம ஊர்ப் பேரு உலகத்துக்கே தெரியணும்" என்றார் ஒரு தம்பி. அவருடைய கண்களில் இருந்த ஒளியை அணைக்க நமக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம்.

அந்த வாரத்தில், நம் நாடு உலகத்தை அழைத்துப் பந்தாட வைத்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தோம். அதை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறோம்.

1982-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நேரு கோப்பை என்ற பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. முதற் கோப்பையைத் தென் அமெரிக்காவின் உருகுவே வென்றது. பின்னர் அப்போட்டி கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, சிலிகுரி என ஊர் ஊராகச் சென்றது. 1993-இல் சென்னைக்கும் வந்தது. அதற்காகவே, பழைய மாநகராட்சி விளையாட்டரங்கு இருந்த இடத்தில் இன்றைய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கு எழும்பியது. அவ்வாண்டு ருமேனியாவை வென்று கோப்பையைக் கொண்டுசென்றது வட கொரியா. வந்தவர் போய்விட்டனர்; அரங்கு நின்றது. 1995 டிசம்பரில் தெற்காசிய நாடுகளின் விளையாட்டு விழா அங்கே நடந்தது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு அதுவே தாய்வீடாயிற்று. விருந்துக்கென்று கட்டிய வீட்டில் பின்பு பிள்ளைகள் குடியிருந்தால், அந்தச் செலவை வீண் என்று யார் சொல்வார்?

இதனினும் பெரிய விருந்து 2017-இல் நடந்தது. 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையை நடத்தும் உரிமை 2013 டிசம்பரில் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆயத்தத்திற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். புது தில்லி, கொல்கத்தா, கொச்சி, கோவா, கவுகாத்தி, நவி மும்பை என ஆறு இடங்கள், 24 நாடுகள், 52 ஆட்டங்கள். அக்டோபர் 6 முதல் 28 வரை விழா. ஆட்ட மைதானங்கள் மட்டும் சீராக இருந்தாற் போதாது. அணிகள் பயிற்சி செய்யும் திடல்களும் அதே தரத்தில் புல் வளர்ந்து, சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் செயற்கைப் புல்லை அகற்றி இயற்கைப் புல்லை வளர்த்தனர். நெருக்கியடித்து அமரும் படிகளுக்குப் பதிலாகத் தனித்தனி இருக்கைகளைப் பொருத்தினர். ஒரு காலத்தில் லட்சம் பேரை அடக்கிய அரங்கு சுமார் 66 ஆயிரம் பேருக்கானதாகச் சுருங்கியது. கூட்டத்தைக் காட்டிலும் கூட்டத்தின் பாதுகாப்பே பெரிது என்று அமைப்பாளர் எண்ணியதன் விளைவு அது. தேர்ப்பவனி அன்று கூட்டத்தைப் பெருமையோடு எண்ணும் நாம், வெளியேறும் வழிகளை எண்ணுகிறோமா?

எவ்வளவு திட்டமிட்டாலும் வானம் நம் கையில் இல்லை. பிரேசிலும் இங்கிலாந்தும் மோதும் அரையிறுதி கவுகாத்தியில் நடைபெறவிருந்தது. கடும் மழையில் அங்கிருந்த தரை கெட்டுப்போயிற்று. ஆட்டத்திற்கு இரண்டே நாள் இருக்கையில் அதைக் கொல்கத்தாவுக்கு மாற்றினர். இரு அணிகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். தங்க வைக்க வேண்டும். காவல், நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு எல்லாவற்றையும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டும். அக்டோபர் 25 அன்று அரங்கு நிறைந்தது. ஆட்டமும் குறித்தபடி நடந்தது. எதிர்பாராதது வந்தபோது தாங்கிக்கொள்ள இன்னொரு வீடு ஆயத்தமாக இருந்தது. கலியாண வீட்டில் சோறு குறைந்தால் அண்டை வீட்டு அடுப்பில் உலை வைப்பது போன்றதே இது.

இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 5-2 என்று ஸ்பெயினை வென்றது. போட்டி முழுவதையும் நேரில் பார்த்தவர் 13 லட்சத்து 47 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அந்த வயதுப் பிரிவில் அதுகாறும் எந்த நாடும் காணாத எண்ணிக்கை. ஆடுகளத்தில் நம் பிள்ளைகள் மூன்று ஆட்டங்களிலும் தோற்றனர். ஆயினும் அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக, சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து உதைத்த பந்தை மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் முந்திவிட்டது. எனினும் அந்த ஒரு நிமிடம் நாட்டின் பிள்ளைகளுக்குச் சொத்தாகிவிட்டது. போட்டியையொட்டி, 1 கோடியே 10 லட்சம் சிறுவர் சிறுமியரைப் பந்தோடு பழகச் செய்யும் இயக்கம் ஒன்றையும் அரசும் கால்பந்துச் சம்மேளனமும் தொடங்கின. விருந்தோடு விதையும் வேண்டும் என்பதை உணர்ந்த செயல் அது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், அதே வயதுப் பெண்களுக்கான உலகக் கோப்பை புவனேசுவரம், கோவா, நவி மும்பை ஆகிய இடங்களில் நடந்தது. அது நடக்குமா என்பதே ஐயமாகிவிட்ட நாட்கள் உண்டு. கால்பந்துச் சம்மேளனத்தின் நிருவாகத்தில் வெளியார் தலையீடு உள்ளது என்று காரணம் காட்டி, அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பதினோரு நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 26 அன்று, தடை நீங்கியது. வீட்டுப் பெரியவர்களிடையே வழக்கு முற்றியதால், பந்தற்கால் நட்ட விருந்தே நின்றுவிடும் நிலை. பங்குகளிலும் ஊர்களிலும் இத்தகைய வழக்குகளைக் கண்டவர்களே நாம், விரித்துரைக்க வேண்டியதில்லை.

அப்போட்டியில் இந்திய அணித் தலைவியாக ஆடியவர் ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்த அஸ்தம் ஓரான். அவரைப் பெருமைப்படுத்த அவரது சிற்றூருக்குச் சாலை போடப்பட்டதென்றும், அந்தச் சாலைப் பணியில் அவரைப் பெற்றவர்களே அன்றாடக் கூலிக்கு உழைத்தனர் என்றும் செய்தித்தாள்களில் படித்தோம். மகளின் பெயரால் வரும் சாலைக்குத் தாய் மண் சுமக்கிறாள். இந்தச் செய்தியைப் படித்த இரவு நமக்கு எளிதில் உறக்கம் வரவில்லை. சுவரொட்டியில் வரும் பெயர்களுக்குப் பின்னே, எந்தச் சுவரொட்டியிலும் வாராத கைகள் எத்தனை!

அக்கைகளுள் நம் வீட்டுக் கைகளும் உண்டு. 2022 நவம்பர், டிசம்பரில் கத்தார் நாடு நடத்திய உலகக் கோப்பைக்காக எட்டு அரங்குகள் ஆயத்தமாயின. அவற்றுள் ஏழு புதிதாகக் கட்டப்பட்டவை. இந்தியா, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளின் ஏழைப் பிள்ளைகளே வெயிலில் நின்று உழைத்தனர். உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பதில் அமைப்பாளர் சொன்ன கணக்கும் பிறர் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. உலகின் கண்கள் அங்கே திரும்பியதால், கோடையில் நண்பகல் வேலைக்குத் தடை நீண்டது. 2021-இல் குறைந்தபட்சக் கூலியும் நடைமுறைக்கு வந்தது. இவை நற்செய்திகளே. ஆயினும், அரங்குகளின் வேலை தொடங்குவதற்கு முன்பே அவை வந்திருக்கலாம் அல்லவா?

சர்வதேசம் என்றால் பெருஞ்செலவு என்றுதான் பொருளா? உரோமை நகரில் 2007-ஆம் ஆண்டு 'கிளெரிக்குஸ் கோப்பை' என்று ஒரு போட்டி தொடங்கியது. அங்குள்ள குருமடங்களிலும் கல்லூரிகளிலும் பயிலும் குருமாணவரும் குருக்களுமே ஆட்டக்காரர். அநேக நாடுகளின் மைந்தர் ஒரே நகரில் இருப்பதால், எவரையும் விமானத்தில் அழைக்க வேண்டிய தேவை இல்லை. அப்போட்டியில் நீல அட்டை என்று ஒன்று உண்டு. முரட்டுத்தனம் காட்டும் ஆட்டக்காரர் ஐந்து நிமிடம் வெளியே நின்று மனம் ஆறி வர வேண்டும். குருக்களுக்கும் அது தேவைப்படுகிறது என்பதைப் படித்து நாம் சிரித்தோம். வாசகரும் சிரிக்கலாம்.

தவணை முடிந்த நாளில் இளைஞர் வந்தனர். அவர்களிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடுவே கோடு கிழிக்கச் சொன்னோம். விருந்தினர் இருக்கும் நாட்களுக்கான செலவு இடப்பக்கம். அவர்கள் சென்ற மறுநாள் நம் ஊரில் எஞ்சியிருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் விரைவில் நிரம்பியது. வலப்பக்கத்தில் நெடுநேரம் 'கோப்பை' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. அதுவும் வெளியூர் அணி வென்றால் போய்விடும் என்று ஒருவர் சொல்ல, அனைவரும் சிரித்தனர். பின்னர்தான் எழுதத் தொடங்கினர்: மேடு பள்ளமான திடலைச் சமன் செய்தல், நிலையான கோல் கம்பங்கள், ஒரு குடிநீர்க் குழாய், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறிய பந்துகள், பெண் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று மாலை திடல்.

எல்லாரும் இசைந்தனர் என்று சொல்லிவிட முடியாது. "சர்வதேசம்னு போட்டாத்தான் ஃபாதர் கூட்டம் வரும்" என்று ஒருவர் கடைசிவரை வாதாடினார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வெளியூர் ஆட்டக்காரன் ஒருவனைக் கண்ணால் பார்ப்பதே ஒரு சிறுவனுக்குக் கனவைத் தரக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. முடிவைத் தீர்த்தது வளைகுடாவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி. ஆண்டுக்கணக்கில் அங்கே கட்டட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், புதிய தாளை வாசிக்கக் கேட்டுவிட்டு, "வாணத்துக்கு நான் பணம் தரல. தங்கச்சிங்க ஆடுற இடத்துக்குத் தர்றேன். என் பேரைப் போட வேணாம்" என்றாராம். ஆகவே இவ்வாண்டு சுற்றுப் பங்குகளின் அணிகள் மட்டும் வந்து ஆடின. வெளிநாட்டு அணியை அழைப்பதைத் திடல் ஆயத்தமாகும் ஆண்டுக்கு ஒத்திவைத்தனர்.

திடல் இப்போது சமமாகிவிட்டது. கம்பங்களும் நட்டாயிற்று. ஆனால் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய மாலைகளில் முதல் நாள் இருபது பேர் வந்தனர். மூன்றாம் வாரம் ஏழு பேரே வந்தனர். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாவுக்கு உதவ வேண்டும் என்று மற்றவர்கள் வீட்டிலேயே நின்றுவிட்டனர். பிழைப்பின் பாரம் நமக்குத் தெரியாததன்று. பெற்றோரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. எனினும், அதே வீட்டு ஆண் பிள்ளை அவ்வேளையில் திடலில் இருக்கிறான் என்பதையும் நாம் பார்க்கிறோம்.

ஆகவே இந்த மாதம் நம் குடும்பங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தண்ணீர்க் குடத்தை வாரத்தில் மூன்று மாலை அண்ணனோ தம்பியோ எடுக்கட்டும். திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்து முதல் ஆறு வரை திடல் அவர்களுடையது. பந்துகள் குருமனையில் இருக்கின்றன. எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் கொடுப்போம்.